ஏழாம் எண் அங்கி

போன வார அத்தியாயத்தில் அண்ணனை மாடிப்படியில் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பேசினா கேப்பா. நீ ஒருத்தன் பேசினா உன் தங்கச்சி கேப்பா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவன் தலையை ஆட்டினான். தலையை ஆட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இந்த அண்ணனுக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று சில வாசகியர் கோபமாகவே எழுதிக் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. பெரும்பாலும் அதில் குண்டூசி இருக்கும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. கீழே தையல் கடை, மேலே வீடு. வீட்டுக்குத் தனி வாசல் கிடையாது, கடைக்குள் நுழைந்துதான் படியேற வேண்டும். அப்பா மாஸ்டர். அண்ணன் துணி வெட்டுகிறான். அம்மா மேலே உட்கார்ந்து காஜா எடுத்துப் பொத்தான் கட்டுகிறாள். தங்கை மட்டும் டேப் பிடிக்கக் கற்றதோடு சரி, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலைக்குப் போய்விட்டாள்.

அங்கே பார்வை போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாளுக்கு மதிய நேரத்தில் பைபிளை வாசித்துக் காட்டப் போனவள், தானும் அதை நம்பத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் சொன்னது மூன்று வாரம் முன்புதான். ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன் என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். அப்பா பாதித் தட்டில் எழுந்தார்.

"அந்தத் தண்ணியில இறங்கறவ இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்" என்றார்.

அதோடு அவளிடம் பேச்சு நின்றது. அவள் மின்விசிறியின் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "அவளை அந்த ஃபேனை நிறுத்தச் சொல்லு" என்பார். அவள் நிறுத்துவாள். "நிறுத்திட்டேன்னு சொல்லும்மா" என்பாள். அம்மா நடுவில் நின்று இரண்டு பேருக்கும் தபால்காரியாக வேலை பார்த்தாள்.

இன்று சனிக்கிழமை.

காலையில் அண்ணன் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெரு டெய்லர் ஒரு மூட்டையோடு வந்தார். அவருக்கு ஊர் வைத்த பெயர் 'நாளைக்கு'. எந்தத் துணியைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான் வரும். இன்றைக்கு அந்தப் பதில் செல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு உதவி. பதினோரு வெள்ளை அங்கி. அஞ்சு முடிச்சிட்டேன். ஆறு நிக்குது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடுத்தாகணும்."

"எதுக்கு அங்கி?"

"சர்ச்சுல. நாளைக்கு யாரோ ஞானஸ்நானம் எடுக்கறாங்களாம்." அளவுச் சீட்டுகளை மேஜையில் வைத்தார். "பேரெல்லாம் இல்லை, நம்பர்தான். யாரு அளவு எடுத்ததோ தெரியலை, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டு ஷோல்டர் எழுதியிருந்தது. நான் அப்படியே பார்த்து எழுதிட்டேன். தண்ணியில முங்கறதுக்கு இவ்வளவு அளவா?"

அவர் போனதும் அப்பா குளித்துவிட்டு இறங்கி வந்தார். வெள்ளைத் துணியைப் பார்த்தார்.

"என்னது?"

"பள்ளிக்கூட நாடகத்துக்குப்பா" என்றான் அண்ணன். அது அவன் வாயில் எப்படி வந்தது என்று அவனுக்கே ஆச்சரியம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சொல்கிற முதல் பொய் எப்போதும் தேவைக்கு மேல் நன்றாக வந்துவிடும்.

அப்பா மெஷினில் உட்கார்ந்து நூல் சுற்றிய பாபினை மாட்டினார்.

ஆறாம் எண் சீட்டை எடுத்து அண்ணன் துணியில் கோடு போட்டான். வலது ஷோல்டர் இவ்வளவு, இடது இவ்வளவு. போட்டுக்கொண்டே வந்தவன் சீட்டைத் திரும்பப் பார்த்தான். இரண்டு தோளையும் தனித்தனியாக அளப்பது அப்பாவின் வழக்கம். மனுஷனுக்கு இரண்டு தோளும் ஒன்றாக இருப்பதில்லை என்பார். வேறு எந்தக் கடையிலும் அதற்குப் பொறுமை கிடையாது, ஒரு பக்கத்தை அளந்து இரண்டால் பெருக்கிவிடுவார்கள்.

ஏழாம் எண்ணை எடுத்தான்.

கழுத்து, மார்பு, கை நீளம், உயரம். வலது ஷோல்டர். இடது ஷோல்டரில் அரை அங்குலம் இறக்கம்.

அதைப் படித்த பிறகு அவன் சீட்டைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கழுத்தும் கை நீளமும் அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். தங்கைக்கு ஒன்பது வயதில் அவளைத் தூக்கி இதே வெட்டு மேஜையின் மேல் நிற்க வைத்து, "குதி, பிடிச்சுக்கறேன்" என்று சொன்னவன் அவன்தான். அவள் குதித்தாள். அவன் பிடிக்கவில்லை. காறை எலும்பு முறிந்து, கூடிய பிறகும் இடது தோள் கொஞ்சம் இறங்கியே நின்றுவிட்டது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தெரியாதபடி அவள் சட்டைகளை வெட்ட அப்பா அவனுக்குச் சொல்லிக் கொடுத்து இருபது வருடம் ஆகிறது.

ஞானஸ்நானம் நாளைக்கே. அவள் தேதியைச் சொல்லவே இல்லை.

மெஷினில் அப்பா ஆறாம் எண்ணின் கையை ஓட்டிக்கொண்டிருந்தார். எந்தத் துணியும் அவர் டேப் வைத்துப் பார்க்காமல் கடையை விட்டுப் போகாது. சாயங்காலம் இதையும் அளப்பார்.

மதியம், நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அண்ணன் கண்ணாடிக் கடைக்கு ஓடினான்.

வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா பேச வந்தேன் என்று சொல்ல முடியுமா? வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போய்ப் பரிசோதனை நாற்காலியில் ஏறினான். தங்கை கதவைச் சாத்தினாள். முதலாளி எட்டிப் பார்க்கிற கண்ணாடித் தடுப்பு ஒன்று இருந்ததால், லென்ஸ் மாற்றிப் பார்க்கிற கனமான இரும்பு ஃபிரேமை எடுத்து அவன் மூக்கில் மாட்டினாள்.

"என்னண்ணா, கண்ணு தெரியலையா?"

"ஏழாம் நம்பர் நீதானே?"

லென்ஸை எடுத்த அவள் கை அப்படியே நின்றது.

"அது எப்படி உன்கிட்ட வந்தது?"

"அந்த டெய்லர் முடிக்க முடியாம எங்க தலையில கட்டிட்டாரு. அளவு எடுத்தது நீயா?"

"பதினோரு பேருக்கும் நான்தான். அங்க யாருக்கும் டேப் பிடிக்கத் தெரியலை."

"உன்னுதையாவது மாத்தி எழுதியிருக்கக் கூடாதா?"

அவள் யோசித்தாள். அப்படி ஒரு வழி இருந்ததே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. "அளவைத் தப்பா எழுத வரலைண்ணா" என்றாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளியின் தலை தெரிந்தது. அவள் ஒரு லென்ஸை ஃபிரேமில் செருகினாள். "மூணாவது வரியைப் படி."

அவன் எழுத்துகளைப் படித்தான். படித்துவிட்டு, "தேதியை ஏன் சொல்லலை?" என்றான்.

"யாரு கேட்டா? மூணு வாரமா அந்த வீட்டுல யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவனும்தான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று ஒதுங்கியே இருந்துவிட்டான்.

"மனசுக்குள்ள வெச்சுக்கோயேன்" என்றான். "நம்பறதை நம்பிக்கோ. யாரு உள்ள எட்டிப் பார்க்கப் போறா? இந்தத் தண்ணி, அங்கி இதெல்லாம் இல்லாட்டி என்ன?"

"மூணு வருஷம் அப்படித்தானே இருந்தேன்? அப்பா கும்பிடும்போது பக்கத்துல நிப்பேன். கை கூப்பியிருக்கும், மனசு அங்க இருக்காது. அப்பாகிட்டயும் பொய், அங்கேயும் பொய். உனக்குத் தெரியாது, அது எவ்வளவு அசிங்கமா இருக்கும்னு."

"அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு."

"தெரியும்."

"கொஞ்ச நாள் தள்ளிப் போடு. ஒரு வருஷம்."

"ஒரு வருஷம் கழிச்சு அப்பா சரின்னு சொல்லுவாரா?"

அவள் அந்த லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டாள். "இது தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது தெளிவா?"

"அப்பாவை விடப் பெரிசா அது?"

"அப்படிக் கேக்காதே. நான் என்ன பதில் சொன்னாலும் நீ வீட்டுல போய்ச் சொல்ல முடியாது." குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, நான் பிடிச்சிட்டிருந்தா விட்டுடலாம். எத்தனையோ தடவை விடப் பார்த்தேன். அதுதான் என்னைப் பிடிச்சிட்டிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

அண்ணனுக்கு எழுத்துகள் கலங்கின. லென்ஸின் குற்றமில்லை. ஃபிரேமுக்கு அடியில் கண்ணீர் வழிந்து தாடைக்கு வந்துவிட்டது, துடைக்கவும் முடியவில்லை. அவள் துடைத்துவிட்டாள்.

"அந்த டெய்லர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடு" என்றாள். "இல்லாட்டி நான் என் சட்டையோடவே இறங்கிக்கறேன். அங்கி இல்லைன்னா யாரும் என்னைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

வெளியே முதலாளி தொண்டையைக் கனைத்தார். அவள் ஃபிரேமைக் கழற்றினாள்.

"பவர் ஏறலை. அடுத்த வருஷம் வந்தாப் போதும்" என்று சத்தமாகச் சொன்னாள்.

திருப்பிக் கொடுத்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும். அண்ணன் போனான். 'நாளைக்கு' டெய்லரின் கடை பூட்டியிருந்தது. தான் தைத்த ஐந்து அங்கிகளுக்குப் பொத்தான் தேடிப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

கடைக்குத் திரும்பி வந்தவன் ஒரு காரியம் செய்தான். தையல் தெரிந்த யாரும் அவனை மன்னிக்க மாட்டார்கள். ஏழாம் எண் சீட்டைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, புதுச் சீட்டில் தன் கையால் ஒரே ஷோல்டர் அளவை எழுதினான். இரண்டு பக்கமும் சமமாக வெட்டினான். அப்பாவிடம் கொடுக்காமல் தானே தைத்தான். அவள் உடம்பில் இது பொருந்தாது என்று தெரிந்தே ஒவ்வொரு தையலும் போட்டான். அந்த அரை அங்குலம் அப்பா கண்ணில் படாமல் இருக்க எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது, அவன் கைக்கு எட்டியது இவ்வளவுதான்.

ஐந்தரை மணிக்கு அப்பா ஆறு அங்கிகளையும் மேஜையில் விரித்தார். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். ஆறாம் எண் சரி. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று சரி. ஏழில் நின்றார். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது உன் கையெழுத்து."

"பழைய சீட்டுல எண்ணெய் பட்டுடுச்சுப்பா."

"மத்த அஞ்சுலயும் ரெண்டு ஷோல்டர் இருக்கு. இதுல ஒண்ணுதான் இருக்கு."

"அப்படித்தான் கொடுத்தாரு."

அப்பா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அங்கியின் தோளைத் தடவிக்கொண்டே பேசினார். "ரெண்டு ஷோல்டர் எடுக்கறதை நான் ரெண்டு பேருக்குத்தான் கத்துக் கொடுத்தேன். ஒருத்தன் நீ."

டேப்பை மேஜையில் வைத்தார்.

"உன் தங்கச்சியும் நாடகத்துல நடிக்கறாளா?" என்றார்.

அண்ணன் பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்து மேஜையில் வைத்தான். வேறு என்ன செய்வது? அவர் அதை நீவிவிட்டுப் படித்தார்.

"எப்போ?"

"நாளைக்குக் காலையிலப்பா."

ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, தினம் வருகிற நேரத்துக்கு, தங்கை கடைக்குள் நுழைந்தாள். மேஜையைப் பார்த்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். படிப்பக்கம் போகாமல் நின்றுவிட்டாள்.

"இதைப் போட்டுக்கிட்டு வா" என்றார் அப்பா.

மூன்று வாரத்துக்குப் பிறகு நடுவில் ஆளில்லாமல் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. மாடியில் அம்மா செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டுப் படிக்கு வந்துவிட்டாள்.

தங்கை திரைக்குப் பின்னால் போய் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தாள். இடது தோளில் துணி தூக்கிக்கொண்டு, கழுத்திலிருந்து மார்புக்கு ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. அப்பா குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டார். தோளில் கை வைத்து, துணியைக் கீழே இழுத்து, ஒன்று, இரண்டு, மூன்று ஊசி குத்தினார். அவர் கை பட்டதும் அவள் கண்களை மூடிக்கொண்டாள். மூடியும் வழிந்தது.

"திரும்பு" என்று கையாலேயே காட்டினார். திரும்பினாள்.

கழற்றச் சொல்லி வாங்கினார். பிளேடால் அண்ணன் போட்ட தையலைப் பிரித்தார். அரை அங்குலம் இறக்கி மறுபடி தைத்தார். நூலை வெட்டி, இஸ்திரி போட்டு, திரும்பவும் நீட்டினார். அவள் போட்டுக்கொண்டு வந்தாள். தோள் இப்போது பிசகில்லாமல் உட்கார்ந்திருந்தது. இறக்கம் இருப்பதே தெரியவில்லை.

படியில் அம்மா முகத்தில் உயிர் வந்துவிட்டது. அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று அவள் நம்பினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், எழுதிக்கொண்டு வந்த எனக்கே அந்த ஆசை இருந்தது.

"சரியா இருக்கா?" என்றார் அப்பா.

"சரியா இருக்குப்பா."

"என் கடையிலேர்ந்து தப்பான துணி போகக் கூடாது. அதுக்குத்தான்." டேப்பை மடித்தார். பிறகு மெஷினுக்கு முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "ஒரு தடவை கேக்கறேன். நாளைக்குப் போகாம இரு. ஏன் எதுக்குன்னு பேச மாட்டேன். பழசை எடுக்க மாட்டேன். போகாம மட்டும் இரு."

அவள் அங்கியின் கை மடிப்பை நீவிவிட்டாள்.

"நாங்க கும்பிட்டது உனக்குப் போதலையா?"

"அப்படி இல்லப்பா."

"ஒரு நாள் நான் போயிடுவேன். அன்னிக்கு எல்லாரோடவும் சேர்ந்து நிப்பியா, ஒதுங்கி ஓரமா நிப்பியா? ராத்திரி படுத்தா எனக்கு இதுதான் ஓடுது."

"உங்க பக்கத்துலயே நிப்பேன்பா. யாரும் தள்ளாம இருந்தா."

"அப்போ போகாதே."

"முடியலைப்பா" என்றாள்.

மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவர் கத்தியிருப்பார். கத்துவதற்குத் தயாராகத்தான் இருந்தார். முடியலை என்பவளை என்ன செய்வது? சின்ன வயதில் பாடம் வராதபோது, காய்ச்சலில் கஞ்சி இறங்காதபோது இதே குரலில் இதையேதான் சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவர் ஏதாவது செய்தார். இப்போது அவருக்குச் செய்யத் தெரியவில்லை.

"என்னங்க" என்றாள் அம்மா. அவர் திரும்பாமல் கையை உயர்த்தினார். அம்மா அதே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ போ" என்றார். "போனா கதவு சாத்தியிருக்கும்."

"நான் வருவேன்பா. சாத்தியிருந்தா வெளியில நிப்பேன்."

"எவ்வளவு நேரம் நிப்ப?"

"தெரியலைப்பா."

அவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஷட்டர் சாவியை எடுத்தார். அந்தச் சாவி அவரைத் தவிர யார் கைக்கும் போனதில்லை. காய்ச்சல் அடித்தாலும் அவரேதான் இறங்கி வந்து திறப்பார், அவரேதான் பூட்டுவார். முப்பத்தாறு வயது மகன் ஒரு முறை கேட்டபோது, உனக்கு இன்னும் நேரம் வரலை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

சாவியை மகனிடம் நீட்டினார்.

"காலையில அவ கிளம்பும்போது நீ திறந்து விடு. வெளியில போனதும் இழுத்துப் பூட்டு. இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்."

தெருவில் 'நாளைக்கு' வந்துவிட்டார். "தம்பி, ரெடியா?" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

அம்மா மாடிப்படியிலிருந்து மகனையே பார்த்தாள். நீ பேசினா கேப்பா என்று நேற்றுச் சொன்னவள் இப்போது, நீ பேசேன் என்பதை வாயால் சொல்லாமல் கண்ணால் சொன்னாள். அவனிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. வெட்டு மேஜையின் மேல் அவளை ஏற்றி நிறுத்தியதிலிருந்து ஆரம்பித்திருக்கலாம்.

"சரிப்பா" என்றான்.

சாவியை வாங்கிக்கொண்டான். தங்கை திரைக்குப் பின்னால் போய் அங்கியைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்துக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். வலது கையில் சாவி இருந்ததால் அவன் அதை இடது கையால் வாங்கி, மற்ற ஐந்தோடு சேர்த்துக் கட்டினான்.